வாளியில் போடாதே

ஏட்ரியன், மிச்சிகன்
14 செப்டம்பர் 2010

வெண்டலுக்கு,

ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. உன் அண்ணன் கர்ட்டிஸ் நன்றாக இருக்கிறான். அவன்தான் உன் விலாசம் கொடுத்தான். கப்பல் பெயரையும் டெட்ராய்ட் என்றும் எழுதினால் போதுமாம், ஆற்றில் கப்பல் போகும்போதே தபால் படகு ஒட்டி வந்து கொடுத்துவிடுமாம். செல்போன் வேண்டாம் என்று இன்னும் பிடிவாதமாக இருக்கிறாயாமே. அதுவும் நல்லதுதான். நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் கத்த ஆரம்பித்துவிடுவோம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்!

சனிக்கிழமை கொல்லையில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் புல்லை மிதித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"டார்லா கிராபில் நீங்கதானா?"

நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளைகளில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். "ஆமா. யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மேடம். இந்தாங்க, சம்மன். வரேன், பொழுது நல்லாப் போகட்டும்."

நல்லாப் போகட்டுமாம்! தக்காளியால் அடித்திருக்க வேண்டும், கை வரவில்லை.

நம் ஸ்கேட்டிங் அரங்குக்காக வாங்கினோமே ஒரு கிரெடிட் கார்டு, அதுதான். சக்கரக் காலணிகள், தரைக்கு மெழுகு, கடைசிக் குளிர்காலத்தில் எரிவாயுக் கட்டணம் என்று எல்லாவற்றையும் அதில்தானே தேய்த்தோம். வழக்குப் போட்டது அந்த வங்கி இல்லை. நான் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனி. வராத கடன்களை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்குவதுதான் அவர்கள் தொழிலாம். நாலாயிரத்துச் சொச்சமாக இருந்தது இப்போது பதினோராயிரத்து அறுநூறு டாலர் என்கிறார்கள். அவர்கள் ஜெயித்தால் என் சம்பளத்தில் நேராகக் கைவைப்பார்கள்.

விவாகரத்தின்போது அந்தக் கார்டு உன் பங்கு என்று நீதிபதி எழுதியதை போனில் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு மேடம். உங்க வீட்டுச் சண்ட எங்களுக்கு எதுக்கு?" என்றாள் ஒருத்தி. அவள் குரல் அவ்வளவு இனிமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன்னோடு சண்டைக்கு வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டும். கடைசியாக எப்போது பணம் கட்டினாய்? அதை மட்டும் எழுது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், காலையில் இவ்வளவு வேகமாக நான் எழுந்து பல வருஷம் ஆயிற்று.

இப்படிக்கு,
டார்லா கிராபில்

(உன் குடும்பப் பெயரை நான் இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் ஓட்டுநர் உரிமம், வங்கி என்று எல்லா இடத்துக்கும் அலைய வேண்டும். வேறு காரணம் இல்லை.)


கப்பல் மார்த்தா ஹோல்ம்
சுப்பீரியர் ஏரி
22 செப்டம்பர்

டார்லா,

உன் கடிதம் வாளியில் வந்தது. தபால் படகு ஒட்டி வந்ததும் நாங்கள் மேலிருந்து கயிற்றில் ஒரு வாளியை இறக்குவோம். எங்கள் தபால் கீழே போகும், எங்களுக்கு வந்தது மேலே வரும். மேல்தளத்தில் வேலை செய்யும் ரெஜி, "சமையக்காரரே, உனக்கு ஒரு பொம்பள எழுதியிருக்காய்யா!" என்று கப்பல் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு வந்தான். அடுப்பில் இருந்த லவங்கப்பட்டை ரொட்டி கருகிவிட்டது. எல்லோரும் கருகியதையே தின்றார்கள். என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

கடைசியாகக் கட்டியது 2003 ஏப்ரலில். என் வண்டியை விற்ற மாதம், அதனால் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் கட்ட முடியவில்லை. பிறகு அவர்கள் அனுப்பிய கவர்களைப் பிரிக்கவும் முடியவில்லை.

அது என் பங்குதான் டார்லா. நானே கட்டிவிடுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக. நீ கோர்ட்டு வாசல் ஏற வேண்டாம். வாங்கியது நாம்தானே, செலவழித்ததும் நாம்தானே. அதில் சண்டை போட என்ன இருக்கிறது?

தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறதா? உனக்கு எப்போதும் நன்றாக வரும்.

வெண்டல்


ஏட்ரியன்
30 செப்டம்பர்

வெண்டல்,

வேண்டாம்! கட்டாதே! ஒரு டாலர்கூடக் கட்டாதே! இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படி.

சரி, இப்போது மூச்சு விட்டுக்கொண்டு சொல்கிறேன். நம் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் புதன்கிழமைகளில் ஒரு வக்கீல் பெண் இலவசமாக ஆலோசனை சொல்கிறாள். பெயர் கமில் ஒச்சோவா. சம்மனையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"கடைசியா எப்ப கட்டினீங்க?"

"2003 ஏப்ரல்ல. என் முன்னாள் புருஷன் எழுதியிருக்கார், பாருங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப இது காலாவதியான கடன். இந்த மாநிலத்துல இதுக்கு ஆறு வருஷம்தான் கெடு. அதுக்குள்ள வழக்குப் போட்டிருக்கணும்."

"அப்புறம் ஏன் போட்டாங்க?"

"நீங்க வரமாட்டீங்கன்னுதான். முக்கால்வாசிப் பேர் வர்றதில்ல. வரலைன்னா அவங்க கேட்டது அப்படியே கிடைச்சுடும்."

"காலாவதியானதுக்குமா? நீதிபதிக்குத் தேதி தெரியாதா?"

"நீங்க எழுந்து நின்னு சொன்னாத்தான் அது காலாவதி. உங்களுக்காக வேற யாரும் சொல்லமாட்டாங்க."

வெண்டல், நான் நாற்காலியிலிருந்து குதித்தேன்! பக்கத்து மேஜையில் ஓய்வூதியத் தாளோடு உட்கார்ந்திருந்த கிழவர் பயந்துபோனார். ஆனால் கமில் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. நீங்களோ அவரோ இப்ப ஒரு டாலர் கட்டினாக்கூட, அந்த ஆறு வருஷம் மறுபடி மொதல்லேர்ந்து ஓட ஆரம்பிச்சுடுச்சுன்னு வாதாடுவாங்க. போன்ல ரொம்ப நயமாக் கேப்பாங்க. குடுத்துடாதீங்க."

அன்றைக்கே பதில் மனு எழுதிக் கோர்ட்டில் கொடுத்தேன். அலுவலகப் பெண் அதன் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விசாரணை நவம்பர் பதினாறாம் தேதி.

தக்காளி இந்த வருஷம் கொத்துக் கொத்தாக. பாட்டில்களில் போட்டு முடியவில்லை.

டார்லா

(கட்டாதே!)


டுலூத், மின்னசோட்டா
12 அக்டோபர்

டார்லா,

பத்துப் பதினைந்து நாளாக டெட்ராய்ட் பக்கமே வரவில்லை. டுலூத்துக்கும் கேரித் துறைமுகத்துக்கும் நடுவே இரும்புத்தாது அடித்துக்கொண்டிருக்கிறோம். நீ எழுதியிருந்தால் அது தபால் படகுக்காரர்களிடம்தான் காத்துக்கிடக்கும். இதை டுலூத் தபால் நிலையத்திலிருந்தே போடுகிறேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. அந்தக் கம்பெனி என் யூனியன் விலாசத்துக்கு எழுதியிருந்தது. இன்று கரையில் இறங்கி அவர்களோடு போனில் பேசினேன். மிகவும் மரியாதையான மனிதர். "நல்ல எண்ணத்துக்கு அடையாளமா ஒரு நூறு டாலர் மட்டும் அனுப்புங்க சார். உங்க முன்னாள் மனைவிய நாங்க தொந்தரவு பண்ணமாட்டோம்" என்றார். எழுத்தில் தருவீர்களா என்றேன். "பணம் வந்ததும் தர்றோம் சார்" என்றார்.

நூறு டாலருக்கு மணியார்டர் சீட்டு எடுத்துவிட்டேன், கவரில் வைத்து அனுப்ப வேண்டியதுதான். போன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கியவன், விலாசம் இருந்த தாளைக் கப்பலிலேயே விட்டுவிட்டேன். பரவாயில்லை. சனிக்கிழமை பிற்பகல் டெட்ராய்ட் வழியாகத்தான் இறங்குகிறோம். வாளியில் போட்டுவிடுகிறேன்.

நீ நிம்மதியாக இரு. இத்தனை வருஷத்தில் உனக்காக ஒரு காரியத்தையாவது நேரத்துக்குச் செய்தேன் என்று இருக்கட்டும்.

வெண்டல்


டெட்ராய்ட், ஆற்றோரம்
16 அக்டோபர்

வெண்டல்,

வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். இதைத் தபால் படகு அம்மாளிடமே கொடுத்துவிட்டுப் போகப் போகிறேன், உன் கப்பல் ஆற்றைத் தாண்டுமுன் இன்னொரு முறை ஒட்டி வந்து கொடுத்துவிடுகிறாளாம்.

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. பேருந்தை நிறுத்திவிட்டு வந்து பிரித்தேன். "வாளியில் போட்டுவிடுகிறேன்" என்ற வரியைப் படித்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உன் கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தேன். "யாராவது இறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் திங்கட்கிழமை சொல்லிவிடுகிறோம் என்றார்கள். திங்கட்கிழமை! நான் எழுதிய கடிதமோ படகுக்காரர்களின் பெட்டியில் தூங்குகிறது. உன் கவர் கீழே இறங்கிய பிறகுதானே அது மேலே வரும்!

இன்று காலையில் வண்டியை எடுத்தேன். நான் எந்த வேகத்தில் வந்தேன் என்று பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிந்தால் பேருந்துச் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள்.

தபால் படகை ஓட்டுவது லூவான் என்று ஒரு கனத்த பெண். படகுத் துறையில் நின்று ஆப்பிள் டோனட் தின்றுகொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்தக் கவரை மட்டும் நீங்க வாங்காதீங்க. என்கிட்டயே குடுத்துடுங்க."

"அது நடக்காதும்மா. என் படகுல விழுந்துட்டா அது அரசாங்கத் தபால். நானே நெனச்சாலும் திருப்பித் தர முடியாது."

"அப்ப என்னை உங்க படகுல ஏத்திக்கங்க."

"அதுவும் முடியாது." டோனட்டை மென்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்குன்னு சொன்னீங்க அந்தப் பணம்? பழைய கடன வாங்கி வழக்குப் போடுறவங்களுக்கா?"

"ஆமா."

"என் தங்கச்சி சம்பளத்துல கால்வாசிய அந்த மாதிரி ஒரு கும்பல்தான் மாசாமாசம் பிடிக்குது." கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டினாள். "இங்கயே நில்லுங்க. ரேடியோவுல சொல்லிப் பாக்குறேன்."

பாலத்துக்கு அடியிலிருந்து உன் கப்பல் வந்தது. அம்மாடி, அது இவ்வளவு பெரிதா? ஒரு தெருவே மிதந்து வருவதுபோல் இருந்தது. லூவானின் படகு அதன் பக்கத்தில் ஒட்டியபோது பூட்ஸில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி தெரிந்தது. வாளி இறங்க ஆரம்பித்தது. போச்சு என்று நினைத்தேன். பாதி வழியில் நின்றது. தொங்கியது. காற்றில் ஆடியது. நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கரையில் குதித்தேன். அப்புறம் மெல்ல மேலே போனது வெண்டல், மேலே போனது!

திரும்பி வந்ததும் லூவான் சொன்னாள்: "உங்க ஆளோடது எதுவும் வரல."

"முன்னாள்."

"அது சரி" என்றாள்.

வெள்ளை ஏப்ரனோடு ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அது நீதானே? தலையெல்லாம் நரைத்துவிட்டது. எனக்கும்தான்.

டார்லா


மார்த்தா ஹோல்ம்
ஈரி ஏரி
16 அக்டோபர், மாலை

அன்புள்ள டார்லா,

நான்தான் அது. நீ குதித்ததையும் பார்த்தேன். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட பெண்பிள்ளை ஆற்றில் விழுந்துவிடப் போகிறாள் என்று எங்கள் ஆட்கள் பந்தயமே கட்டினார்கள்.

என் பக்கத்தில் நடந்ததைக் கேள். கவரை வாளியில் போட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும். திடீரென்று ஒலிபெருக்கி கரகரத்தது. கேப்டன் தபால் படகின் ரேடியோவை அப்படியே கப்பல் முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறார்.

"மார்த்தா ஹோல்ம், உங்க சமையக்காரருக்கு ஒரு சேதி. கரையில டார்லான்னு ஒரு அம்மா நிக்கிறாங்க. வாளியில போடாதேன்னு சொல்லச் சொல்றாங்க. போட்டா ஆறு வருஷம் மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுடுமாம். ஓவர்."

"ஆறு வருஷமா?" என்றார் கேப்டன். "எது, கல்யாணமா ஜெயிலா? ஓவர்."

அவ்வளவுதான் கேட்டேன். கத்தி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். என் வயதில் இரும்புப் படி ஏறி இப்படி ஓடக் கூடாது. மேலே வந்தால் ரெஜி கயிற்றை விட்டுக்கொண்டிருக்கிறான்.

"ரெஜி, இழு! மேல இழுடா!"

"என்னய்யா, தபால இறக்கிட்டுத்தான..."

"என் பொண்டாட்டி சொல்றா, இழுடா!"

வாய் தவறி வந்துவிட்டது. ஓடி வந்த மூச்சிரைப்பில் 'முன்னாள்' என்று சேர்த்துச் சொல்ல இடமில்லை. மன்னித்துக்கொள்.

கவரை எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டேன். நூறு டாலர் போனது போனதுதான் என்று ரெஜி மூக்கால் அழுதான். பிறகு வாளி இறங்கி, உன் பழைய கடிதத்தோடு ஏறி வந்தது; படகு இரண்டாம் முறை ஒட்டியபோது இன்றையதும் வந்தது. 'கட்டாதே' என்பதை எண்ணிக்கொண்டே படித்தேன். இன்றிரவு இவர்களுக்கெல்லாம் வறுத்த இறைச்சியும், பழம் வைத்துச் சுடும் 'பை' இரண்டு வகையும் செய்யப் போகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒன்றுதான் உறுத்துகிறது. அந்த ஆள் அவ்வளவு மரியாதையாகப் பேசினாரே.

உன்,
வெண்டல்


ஏட்ரியன்
16 நவம்பர்

அன்புள்ள வெண்டல்,

ஜெயித்துவிட்டோம்! ஜெயித்துவிட்டோம்! கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

மான் வேட்டை தொடங்கிய மறுநாள். ஊரில் பாதி ஆண்கள் காட்டில். ஆனாலும் கோர்ட்டுத் தாழ்வாரம் நிறைந்திருந்தது. கம்பெனியின் வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்று, டாக்டர் வீட்டில் பெயர் கூப்பிடுவதுபோல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைத்தான் கோர்ட்டு அதிகாரி என்று பலரும் நினைத்தார்கள். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பெயர் வந்தவர்கள் ஜன்னல் கட்டையின் மேல் தாளை வைத்துத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

என் முறை வந்தது.

"மிஸஸ் கிராபில், மாசம் நூத்தம்பது டாலர். உள்ள போகவே வேண்டாம், இங்கயே முடிச்சுக்கலாம்."

"நான் உள்ள போகத்தான் வந்தேன்."

"உள்ள போனா மொத்தத் தொகையும் வந்துடும்."

"வரட்டுமே" என்றேன்.

பக்கத்தில் ஆரஞ்சு வேட்டைச் சட்டையோடு ஒரு கிழவர், பெயர் ஹெய்ன்ஸ், பேனாவைக் கையில் பிடித்திருந்தார். "உள்ள போய்ப் பேசலாமா? நம்மள விடுவாங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நமக்குத்தானே கோர்ட்டு வச்சிருக்காங்க" என்றேன். அவர் பேனாவை மூடினார்.

உள்ளே நான் ஒன்றும் வீராங்கனை இல்லை. நீதிபதி அம்மாளை முதலில் 'சார்' என்றேன். காகிதமெல்லாம் கையிலிருந்து நழுவித் தரையில் கொட்டியது. கமில் சொல்லிக்கொடுத்தது முழுக்க மறந்துபோய், "காலாவதி ஆயிடுச்சு மேடம்" என்ற ஒன்றை மட்டும் தெருவில் கூவுகிற பால்காரன் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நீதிபதி வக்கீலைப் பார்த்தார். "மூல ஒப்பந்தம் இருக்கா?"

"வங்கியிடம் கேட்டிருக்கோம், மேடம்."

"வங்கி உங்களுக்கு இந்தக் கடன வித்ததுக்கான பத்திரம்?"

"அதையும் கேட்டிருக்கோம்."

"கடைசியா எப்ப பணம் வந்தது? உங்க பதிவுல என்ன இருக்கு?"

அவன் தாளைப் புரட்டினான். அந்தக் கவர் மட்டும் போயிருந்தால், வெண்டல்! "ஏப்ரல் 2003, மேடம்."

"அதுக்கப்புறம்?"

"...எதுவும் இல்ல."

"இது நவம்பர் 2010" என்றார் நீதிபதி. அவர் குரலில் கோபம்கூட இல்லை. தள்ளுபடி. மறுபடி இதே கடனுக்கு வழக்குப் போட முடியாது என்றும் சேர்த்து எழுதினார்.

நான் ஒரு கத்துக் கத்தினேன். காவலர் உதட்டில் விரல் வைத்தார், ஆனால் சிரித்துக்கொண்டேதான். ஹெய்ன்ஸ் கிழவருக்கு வக்கீல் பார்க்க ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் விடவே இல்லை.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வண்டிவரை ஓடினேன். ஓடிய பிறகுதான் நீ ஏரி நடுவில் இருப்பது ஞாபகம் வந்தது.

உன்,
டார்லா


மார்த்தா ஹோல்ம்
ஹூரான் ஏரி
25 நவம்பர், நன்றித் திருநாள்

அன்புள்ள டார்லா,

உன் கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படித்தேன். "வரட்டுமே" என்ற இடத்தில் எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பாலிலே தண்ணீர் கலந்தவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றிருப்பான் அந்த வக்கீல் என்று கேப்டன் சொன்னார். இன்று மூன்று வான்கோழி வறுத்தேன். அலை பெரிதாக இருந்தது, குழம்புச் சட்டியை ஒரு ஆள் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது.

உன்னை நினைத்து எனக்குப் பெருமை. அதில் கலப்படம் எதுவும் இல்லை. ஆனாலும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஜெயித்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை டார்லா, தப்பித்த மாதிரி இருக்கிறது. அந்தப் பணத்தை நாம் செலவழித்தோம். சொன்னபடி நான் கட்டவில்லை. ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கப்பலேறினேன். நீதிபதி தள்ளுபடி செய்தது உன் வழக்கை. எனக்குள் இருப்பதை யார் தள்ளுபடி செய்வது?

நல்ல நாளில் இப்படி எழுதுகிறேனே.

உன்,
வெண்டல்


ஏட்ரியன்
4 டிசம்பர்

அன்புள்ள வெண்டல்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன். இது மூன்றாவது.

கேள். அந்த வங்கி நம் கடனை நஷ்டக் கணக்கில் எழுதித் தள்ளி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதை டாலருக்குச் சில காசு என்று விற்றார்கள். வாங்கியவன் நமக்கு ஒரு சக்கரம் விற்றதில்லை, ஒரு டப்பா மெழுகு விற்றதில்லை. நம் பெயரை வாங்கினான். உன் வெட்கத்தையும் என் பயத்தையும் வாங்கினான். வாங்கிய விலைக்கு அதில் நல்ல லாபம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தான். அந்த மரியாதையான குரலெல்லாம் அதற்குத்தான்.

நீ கட்டியதைக் கூட்டிப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன். நாம் கார்டில் எடுத்த பணத்தை வட்டியாகவே ஒரு முறை கட்டி முடித்திருக்கிறோம். நீ ஒன்றும் ஊரை ஏமாற்றிவிட்டு ஓடியவன் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நம் அரங்கில் ஊர்ப் பிள்ளைகள் பாதிக் கட்டணத்தில் சுற்றிச் சுற்றி வந்தார்களே, அதில் நமக்குக் கட்டுப்படி ஆகாது என்று உனக்குத் தெரியும். "போகட்டும் விடு, விளையாடட்டும்" என்று நீதான் சொன்னாய். அதற்காக உன் மேல் நான் எவ்வளவு எரிந்து விழுந்தேன்! அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளைத்தான் இப்போது என் பேருந்தில் ஏற்றுகிறேன். "உங்க வீட்டுக்காரர் எப்படியிருக்கார்?" என்று அவர்களின் தாய்மார்கள் கேட்கிறார்கள். இந்த ஊரில் உன்னைத் தப்பாகப் பேசிய ஒரே ஆள் நான்தான்.

அந்த நாட்களில் வசூல்காரர்கள் ராச்சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போன் செய்வார்கள். நீ எழுந்து வெளியே போய்விடுவாய். நான் உன் நாற்காலியைப் பார்த்துக் கத்துவேன். கடனை அவர்களால் வசூல் பண்ண முடியவில்லை வெண்டல். நம் கல்யாணத்தைத்தான் வசூல் பண்ணிக்கொண்டு போனார்கள்.

சரி, அழுகாச்சி போதும். எனக்கு இப்போது சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் கெடுக்காதே. செவ்வாய்க்கிழமை காலைகளில் பேருந்து வேலை முடிந்ததும் கோர்ட்டுத் தாழ்வாரத்துக்குப் போகிறேன். ஒரு பிளாஸ்க் காபியும் கமில் அச்சடித்துக் கொடுத்த தாள்களும். சட்டமெல்லாம் பேசுவதில்லை, எனக்குத் தெரியாது. "உள்ள போங்க. நீங்களே போய்ப் பேசுங்க" என்று மட்டும் சொல்வேன். அந்த வக்கீல் என்னைக் கண்டாலே கழுத்துப் பட்டையைச் சரிசெய்கிறான்.

இனி வியாபாரம். ஜனவரியில் ஏரி உறைந்ததும் உங்கள் கப்பலைக் கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். வழக்கமாகக் கர்ட்டிஸ் வீட்டு நிலவறையில்தான் கிடப்பாயாம். அங்கே சுவரெல்லாம் ஈரம் என்று அவனே சொன்னான். என் வீட்டு மாடி அறை சும்மா கிடக்கிறது. வாடகை மாதம் இருநூறு டாலர், அறையைச் சூடாக்கும் செலவுக்கும் சேர்த்து. முதல் தேதி தர வேண்டும். சமையல் உன்னுடையது. கல்யாணம் அது இது என்று எதுவும் கற்பனை பண்ணாதே. வீட்டுக்காரி, குடியிருப்பவர், அவ்வளவுதான். வர விருப்பமில்லை என்றால் பதில் போட வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

உன்,
டார்லா


ஸ்டர்ஜன் பே, விஸ்கான்சின்
8 ஜனவரி 2011

அன்பு டார்லா,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. விருப்பமில்லாமல் இல்லை. கப்பலைக் கட்டும் நாள் தெரியாமல் உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. முன்பு கொடுத்த வாக்குகள் போதும். இன்று கட்டிவிட்டோம். என்ஜினை அணைத்தார்கள். இவ்வளவு அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பேருந்துச் சீட்டு எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு ஏட்ரியன். நீ வந்து நிற்க வேண்டாம், நடந்தே வந்துவிடுவேன். வழியில் யாராவது நிறுத்திப் பேசினால், இந்த முறை நின்று பேசுவதாக இருக்கிறேன்.

வாடகை சம்மதம். சமையல் சம்மதம். செவ்வாய்க்கிழமைத் தாழ்வாரத்துக்கு உன் காபி போதாது. லவங்கப்பட்டை ரொட்டி நான் போடுகிறேன், இந்த முறை கருகாமல். கற்பனை எதுவும் பண்ணமாட்டேன் என்று எழுதித் தர மட்டும் முடியாது. வேலையில்லாத மாதங்கள், மனிதனுக்குப் பொழுது போக வேண்டும்.

என் பக்கத்திலிருந்தும் ஒரு நிபந்தனை. எனக்குப் பாக்கி வைக்கும் பழக்கம் உண்டு என்று உனக்குத் தெரியும். வைத்தால் கத்து. கதவைத் தட்டு. சாப்பாட்டு நேரத்தில் வந்து கேள், எழுந்து போகமாட்டேன். எவ்வளவு பழையதானாலும் நீயே வந்து கேள்.

என்னை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதே.

உன்,
வெண்டல்